இலாரியோனும் சிமெண்ட் லாரியும்

போலெம்பா சந்தைக்கு வருகிற யாரும் இங்கே தங்கவேண்டும் என்று வருவதில்லை. சமைத்துத் தின்கிற காட்டுப் புழு வாங்க வருவார்கள், கோக்கோ என்கிற காட்டுக் கீரைக் கட்டு வாங்க வருவார்கள், புகை போட்ட மீன் வாங்க வருவார்கள். மழை இறங்குவதற்குள் சரக்கை ஏற்றிக்கொண்டு மேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று பறப்பார்கள். நானும் வெளியிலிருந்து வந்தவள்தான். ஆனால் எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது, அதனால் தங்கினேன். இலாரியோனுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு லாரியின் அச்சு ஒடிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குள் இறங்குகிற செம்மண் சரிவு முடியும் இடத்தில் சந்தைக்குள் நுழைகிற பாதை குறுகலாக இருக்கும். ஒரு பக்கம் பெரிய மாமரம், மறுபக்கம் என் அடுப்பு. வாழைப்பழம் பிசைந்த மாவில் பணியாரம் சுட்டு விற்பது என் பிழைப்பு. அந்தச் சனிக்கிழமை முதல் ஈடு எடுத்துக்கொண்டிருந்தபோது, மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மேட்டிலிருந்து ஒரு சிமெண்ட் லாரி பின்பக்கம் சாய்ந்து, மண்ணைக் கீறிக்கொண்டு நேராக என்னை நோக்கி வருகிறது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அது மாமரத்தை உரசி, பாதையைப் பாதி அடைத்துக்கொண்டு, என் எண்ணெய்ச் சட்டிக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றது.

மூட்டைகளுக்கு மேலிருந்து ஒருவன் குதித்தான். தலை முதல் கால் வரை சிமெண்ட் தூசி, கண் மட்டும் சிவப்பு. எனக்குப் பக்கத்தில் மீன் விற்கிற எத்விஜ் கூடையைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"ஐயோ, செத்தவன் எந்திரிச்சு சந்தைக்கு வந்துட்டான்!"

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "டேய், என் சட்டியில மண்ணு விழுந்துருச்சு. இந்தப் பணியாரத்தை இனி யாரு வாங்குவா?"

அவன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "மன்னிச்சுக்கங்க அக்கா. மண்ணு விழுந்ததை எல்லாம் நானே தின்னுடுறேன்."

சொன்னபடி தின்னவும் செய்தான். பல்லில் மணல் நறநறவென்று அரைபடுவது எங்களுக்கே கேட்டது. எத்விஜ் சிரித்துச் சிரித்து மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். அவன்தான் இலாரியோன், அந்த லாரியின் கிளீனர். முப்பது வயது இருக்கும்.

டிரைவரின் பெயர் சூலே. லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, தலையில் கை வைத்தான். அச்சு இரண்டாகிவிட்டது, இங்கே கிடைக்காது, தலைநகர் பாங்கிக்குப் போய்த்தான் வாங்கி வரவேண்டும். ஒடிந்த துண்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, மரவள்ளி ஏற்றிய ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டான்.

"இலாரி, மூட்டை மேல கண்ணு இருக்கட்டும். முதலாளியைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. ஒண்ணு குறைஞ்சாலும் உங்க அண்ணனை நிக்க வச்சுத் தோலை உரிப்பாரு."

"நீ எப்ப வருவ?"

"சனிக்கிழமை."

இலாரியோனின் அண்ணன் அதே முதலாளியின் கிடங்கில் வேலை செய்தான். அவன் பொறுப்பேற்றதால்தான் தம்பிக்கு இந்த வேலை கிடைத்தது. சிமெண்ட், ஆற்றுக்கு மேலே மர அறுப்பு ஊரில் அந்த முதலாளி கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதையெல்லாம் அன்று மத்தியானமே எங்களிடம் சொல்லிவிட்டான். வீட்டில் பெண்சாதி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறாள் என்றும் சொன்னான். வெள்ளந்தியாகப் பேசுகிற ஆள்.

பிறகு செக்போஸ்ட் ஏட்டு தெங்கே வந்தார். மேட்டின் உச்சியில் ஒரு மூங்கில் கழி, கழியின் நுனியில் கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெங்கே. அதுதான் எங்கள் செக்போஸ்ட். லாரியைச் சுற்றி வந்து, பூட்ஸ் காலால் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"பாதையை அடைச்சுக்கிட்டு நிக்குது. யாரு பொறுப்பு?"

"டிரைவர் பாங்கி போயிருக்காருங்க."

"அப்ப நீதான் பொறுப்பு. கார்டை எடு."

இலாரியோன் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தான். தெங்கே அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"லாரி நகர்ந்த அன்னிக்கு வந்து வாங்கிக்க."

அடையாள அட்டை இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒருவன் அடுத்த ஊர் வரைக்கும்கூடப் போகமுடியாது. ஒவ்வொரு ஊர் வாசலிலும் ஒரு கழி, ஒரு கயிறு, ஒரு தெங்கே.

அடுத்த சனிக்கிழமை சூலே வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. யாராவது "எப்பப்பா கிளம்புற?" என்று கேட்டால் இலாரியோன், "சனிக்கிழமை" என்பான். சந்தைப் பெண்கள் விடுவார்களா? அவனுக்கு 'மிஸ்யே சனிக்கிழமை', அதாவது திருவாளர் சனிக்கிழமை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மிஸ்யே சனிக்கிழமை, இன்னிக்கு என்ன கிழமை?" என்று எத்விஜ் கேட்பாள். அவனும் சிரித்துக்கொண்டு, "உங்களுக்கு வெள்ளி, எனக்கு சனி" என்பான். முதலில் சில மாதங்கள் அவனால் சிரிக்க முடிந்தது.

லாரிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்துக்கொள்வான். நான் காவலுக்கு நின்றால்தான் ஆற்றுக்குக் குளிக்கப் போவான். அப்போதும் ஈரத் தலையோடு ஓடி வருவான். சந்தை நாளில் மூட்டை தூக்கிப் பிழைத்தான், ஆனால் லாரி கண்ணில் படுகிற தூரம் வரைதான். கட்டுக்கயிறு எட்டுகிற வரை மேய்கிற ஆடு எப்படி இருக்கும், அப்படி. பெண்கள் வேண்டுமென்றே எட்டத்தில் நின்று, "இந்தக் கூடையைத் தூக்கிவிடேன்" என்று கூப்பிடுவார்கள். பாதி தூரம் வருவான், லாரியைத் திரும்பிப் பார்ப்பான், நின்றுவிடுவான். பாவமாக இருக்கும். கடைசியில் அவர்களே கூடையை இழுத்துக்கொண்டு அவனிடம் போவார்கள்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் தம்பி, எங்க வீட்டுப் பின்னாடி ஒரு கொட்டகை போட்டுக்கயேன். மழைக்காலம் வருதே."

"வேணாங்க்கா. கொட்டகை போட்டா இங்கயே இருக்கப்போற மாதிரி ஆயிடும்."

மழைக்காலம் வந்தது. தார்ப்பாய் முதல் காற்றிலேயே கிழிந்தது. அவன் வாழையிலை வெட்டி அடுக்கினான், என்னிடமிருந்த பழைய துணியையெல்லாம் வாங்கிக் கட்டினான். அந்தச் சமயத்தில்தான் மருத்துவச்சி ஆஞ்செல் அவனைப் பார்க்க வந்தாள். எங்கள் ஊர்ப் பிரசவ வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இருந்தது, தரை மட்டும் மண். மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடும். தரை போட ஆள் தயார், மணல் தயார், சிமெண்ட்தான் வரவில்லை.

ஆஞ்செல் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "தம்பி, இந்த மழையில உன் சிமெண்ட் நிக்காது. கல்லாயிடும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் மூட்டை எங்களுக்குக் குடு. காப்பிக் கொட்டை வித்ததும் ஊரே சேர்ந்து உங்க முதலாளிக்குத் திருப்பிக் குடுத்துருவோம்."

"என்னுது இல்லையே அம்மா."

"உன்னுது இல்ல, சரி. மழைக்குக் குடுக்கிறதுக்கு மட்டும் உன்னுதா?"

லாரியின் படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். "எங்க அண்ணனைத்தான் பிடிப்பாங்க அம்மா. ஒரு வார்த்தை முதலாளிகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவர் சரின்னா, நானே தூக்கிட்டு வந்து போடுறேன்."

பாங்கிக்குப் போகிற டிரைவர்கள் எல்லாரிடமும் ஆஞ்செல் சொல்லி அனுப்பினாள். இலாரியோனும் சொல்லி அனுப்பினான். ஒரு பதிலும் வரவில்லை. மழை பெய்தது. எங்கள் மழை தெரியுமே, ஆற்றை அப்படியே தூக்கிக் கவிழ்த்த மாதிரி கொட்டும். அது ஓய்ந்த பிறகு இலாரியோன் மேலே ஏறி மூட்டைகளைக் கையால் தட்டிப் பார்த்தான். தட்டத் தட்ட டொக் டொக்கென்று சத்தம் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அவன் ஒரு மூட்டையிலிருந்து அடுத்த மூட்டைக்குப் போய்த் தட்டிக்கொண்டே இருந்தான், ஒன்றாவது மெத்தென்று இருக்காதா என்று.

அந்த மழையில்தான் எத்விஜின் மகளுக்கு அந்த மண் தரை வீட்டில் பிரசவம். குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. நான்கைந்து நாள் கழித்துத் தாடை இறுகிக்கொண்டது. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. ஆஞ்செல் தன்னால் ஆனதைச் செய்தாள். அந்த வாரம் தாண்டவில்லை. மண் தரையால் வந்ததா, வேறு எதனாலா, யாருக்குத் தெரியும்? ஆஞ்செலே எதையும் சொல்லவில்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கிணற்றடியில், கள்ளுக் கடையில், சந்தையில், எல்லா இடத்திலும் ஒரே பேச்சு, அவன் சிமெண்ட் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று.

எத்விஜ் மீன் விற்க வந்த முதல் நாள் நேராக லாரிக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"கல்லைக் காவல் காக்கிறியே, நல்லாக் காத்துக்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் அவனை மிஸ்யே சனிக்கிழமை என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை. மூட்டை தூக்க வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். நான் மட்டும் காலையில் நாலு பணியாரம் இலையில் வைத்துக் கொடுப்பேன். அதற்கு எத்விஜ் என்னோடும் ஒரு மாதம் பேசவில்லை.

பட்டினியை அவனால் தாங்க முடிந்தது. ஊர் முகம் திருப்பிக்கொண்டதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் காலையில் லாரிக்கு அடியில் அட்டை மட்டும் கிடந்தது, ஆள் இல்லை. செக்போஸ்டைச் சுற்றிக் காட்டு வழியாகப் போயிருக்கிறான் என்று தெரிந்தது. 'போகட்டும், பிழைத்துக்கொள்ளட்டும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த சந்தை நாளில் மர லாரி ஒன்று மேட்டிலிருந்து இறங்கியது. அதன் முன்பக்கத்தில், பம்பர் மேல், கைகள் பின்னால் கட்டியபடி இலாரியோன் உட்கார்ந்திருந்தான். காட்டைத் தாண்டி அடுத்த ஊர்ச் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கார்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். போலெம்பாவில் என்றிருக்கிறான். அப்படியானால் போலெம்பாவுக்கே போ என்று அனுப்பிவிட்டார்கள். சந்தை முழுக்க வேடிக்கை பார்த்தது. தெங்கே கட்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார்.

"லாரி நகராம நீ மட்டும் எப்படிடா நகர்ந்த?"

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். எத்விஜ் சிரிக்கவில்லை. மீனைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். இலாரியோன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே போய்ப் பழையபடி லாரியின் படியில் உட்கார்ந்தான். நான் பணியாரம் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, அந்தக் காட்டுல வழி தெரியாம சுத்துனேன் பாருங்க, அப்பக்கூட எனக்கு என்ன நினைப்பு வந்துச்சு தெரியுமா? யாராச்சும் மூட்டையை எடுத்துருவாங்களோன்னு."

"அது கல்லுடா தம்பி."

"கல்லுதான். ஆனா நினைப்பு வருதே."

இன்னொரு மழைக்காலமும் போனது. ஒரு நாள் புழு வாங்க வந்த ஒரு லாரிக்காரன், இலாரியோனைப் பார்த்து முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றான். "நீ அந்த முதலாளி கிடங்கு ஆளுல்ல?"

அவன் மூலம்தான் எல்லாம் தெரிந்தது. முதலாளி எப்போதோ செத்துப்போயிருந்தார். கிடங்கை வேறு யாரோ வாங்கிச் சோப்பு அடுக்கிவைத்திருந்தார்கள். மர அறுப்பு ஊரில் கட்டின மாடி வீடு பாதியில் நின்றுபோய், அதில் ஆடு கட்டியிருந்தார்கள். சூலே எல்லையைத் தாண்டிப் போய் அங்கே டாக்சி ஓட்டுகிறான். இலாரியோனின் அண்ணன் வைரம் தோண்டப் போய்விட்டான்.

"அப்ப இந்த லாரி யாருது?" என்றான் இலாரியோன்.

"யாருதும் இல்லப்பா."

"யாருதாவது இருக்கணுமே."

லாரிக்காரன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இலாரியோன் துடைப்பத்தை எடுத்து லாரிக்கு அடியில் பெருக்க ஆரம்பித்தான். அன்றைக்கு மட்டுமல்ல, பல நாள் அப்படியே பெருக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்குடா பெருக்குற? ஆளு செத்தாச்சு. இறங்கி வா. ஊருக்குள்ள வந்து மனுசனா இரு."

துடைப்பத்தை நிறுத்தினான். "இறங்கி வந்துட்டா, இத்தனை நாளா நான் என்ன செஞ்சேன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது அக்கா?"

நான் அடுப்புக்குத் திரும்பிப் போனேன்.

ஆஞ்செல்தான் மறுபடியும் வந்தாள். கல்லான மூட்டைகளை அண்ணாந்து பார்த்தாள். "கல்லா இருந்தா என்ன? வரிசையாப் பரப்பி, இடுக்குல மணல் அடிச்சா அதுவும் தரைதான். இப்பவாவது குடுப்பியா?"

இலாரியோன் தலையாட்டினான். உதவிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டான். ஒவ்வொரு கல்லையும் அவனே தலையில் சுமந்து பிரசவ வீடு வரை கொண்டுபோனான். சாக்கு மக்கி உதிர்ந்த பிறகும் மூட்டையின் மடிப்பு, தையல் எல்லாம் கல்லில் அப்படியே பதிந்திருந்தது. போகிற வழியில் எத்விஜின் கடை. ஒவ்வொரு முறையும் அவன் கடக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். கழுத்து வீங்கிப்போனது. கடைசிக் கல்லை இறக்கிவிட்டு அவன் ஆஞ்செலிடம், "ரொம்பத் தாமதமாயிருச்சு" என்றானாம். "ஆமா" என்றாளாம் அவள்.

சரக்கு போனதும் கார்டைக் கேட்கலாம் என்று நான்தான் அவனை மேட்டுக்கு அனுப்பினேன். அங்கே தெங்கே இல்லை. மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த ஏட்டு இளவட்டம், சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

"எந்தக் கார்டு? என்கிட்ட யாரும் எந்தக் கார்டும் ஒப்படைக்கலையே."

"தெங்கே ஐயா பையில போட்டாருங்க."

"அப்ப அவரைப் போய்க் கேளு."

"அவர் எங்க இருக்காரு?"

"வடக்க. ரெண்டு நாள் பயணம்."

"போறதுக்குக் கார்டு வேணுமே."

"ஆமா, வேணும்" என்றார் ஏட்டு.

திரும்பி வந்து இதை எனக்குச் சொல்லும்போது இலாரியோன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. காலி லாரிக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து அவனைப் பெரும்பாலும் அங்கேதான் பார்க்கலாம். காவல் காக்க ஒன்றுமே இல்லாத லாரியில், மேட்டைப் பார்த்துக்கொண்டு.

அவன் பெண்சாதி லெயோந்தின் வந்தது அதற்குப் பிறகு வந்த கோடையில், ஒரு சந்தை நாளில். புழு லாரியிலிருந்து உயரமான ஒருத்தி இறங்கினாள். இடுப்பில் தூங்குகிற பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும். நேராக என் அடுப்புக்கு வந்தாள்.

"அக்கா, இங்க லாரியோட ஒருத்தன் நிக்கிறானாமே. உசிரோட இருக்கானா?"

நான் கரண்டியால் மேலே காட்டினேன். இலாரியோன் அவளைப் பார்த்துவிட்டிருந்தான். ஆனால் இறங்கவில்லை. லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"இறங்கு" என்றாள் லெயோந்தின்.

அவன் இறங்கினான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "செத்துட்டேன்னு சொன்னாங்க. மொட்டை அடிச்சுக்கிட்டு அழுதேன். அப்புறம் ஒருத்தன் வந்து இல்ல, லாரிக்குக் காவல் இருக்கான்னு சொல்றான். எதுக்கு அழுதேன்னு ஆயிருச்சு எனக்கு. லாரிக்குக் காவல் இருந்த, சரி. எனக்கு யாரு காவல்? இவளுக்கு யாரு காவல்?"

"பேரு என்ன வச்சிருக்க?" என்றான் இலாரியோன். அந்த நேரத்தில் அவன் வாயில் வந்தது அதுதான்.

"மிரேய்."

குழந்தை விழித்துக்கொண்டு அவனைப் பார்த்தது. பயந்து அம்மாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டது. லெயோந்தினின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மூட்டை முடிச்சு ஏதாச்சும் இருந்தா எடு. வீட்டுக்குப் போகலாம்."

அவன் கார்டு கதையைச் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். குழந்தையை என்னிடம் கொடுத்து ஒரு பணியாரம் தின்னக் கொடுக்கச் சொல்லிவிட்டு மேட்டுக்கு நடந்தாள். என்ன பேசினாளோ தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள், மறுபடியும் மேலே போனாள். இந்த முறை மூங்கில் கழிக்குக் கீழே, நடுரோட்டில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் ஆகிவிட்டது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சரக்கு ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக மேடேறி வந்து அவளுக்கு முன்னால் நின்றன. ஆரன் அடித்தார்கள். அவள் அசையவில்லை.

"எந்திரிம்மா, மழை வருது!"

"என் புருசனை விடச் சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

ஏட்டு கத்தினார். "உன்னைத் தூக்கி உள்ள போட்டுருவேன்!"

"போடு. இவளையும் சேர்த்துப் போடு. உள்ள சோறு உண்டுல்ல?"

கீழே சந்தையில் எல்லாரும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எத்விஜ் எழுந்தாள். மீன் கூடையின் மேல் இலையைப் போட்டு மூடினாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள், மேடேறிப் போய் லெயோந்தினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஓடினேன். கீரைக்காரிகள் வந்தார்கள். புழுக்காரிகள் வந்தார்கள். ஆஞ்செல் வந்தாள். ரோடு நிறையப் பெண்கள்.

மூச்சு வாங்க எத்விஜிடம் கேட்டேன். "மன்னிச்சுட்டியாடி அவனை?"

"மன்னிப்பும் இல்ல, மண்ணும் இல்ல. தினம் கடையை விரிச்சா எதிர்ல அவன் மூஞ்சி. அந்த மூஞ்சியைப் பார்த்தா பிள்ளை மூஞ்சி ஞாபகம் வருது. போகட்டும் அவன். நானும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்."

முதல் மழைத்துளிகள் விழுந்தன. டிரைவர்கள் இப்போது எங்களை விட்டுவிட்டு ஏட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயா, சரக்கு நனைஞ்சா நீங்க குடுப்பீங்களா? ஒரு கிளீனரை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? விட்டுத் தொலைங்க!" கஞ்சிச் சட்டை நனைந்து தொங்க ஆரம்பித்தது. முன்னால் பெண்கள், பின்னால் லாரிகள், மேலே மழை. அவர் எந்தப் பக்கமும் நகர முடியாமல் நின்றார்.

"போங்க! போய்த் தொலைங்க எல்லாரும்!"

"அடுத்த செக்போஸ்டுக்கு ஒரு வரி எழுதிக் குடு" என்றாள் லெயோந்தின். சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கயிற்றை இழுத்தார். கழி மேலே போனது.

இலாரியோன் எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். லெயோந்தின் புழு லாரியில் ஏறிக் கையை நீட்டினாள். அவன் நாலு எட்டு நடந்தான், கழிக்கு நேர் கீழே வந்ததும் நின்றுவிட்டான். திரும்பிக் கீழே பார்த்தான். வண்டி உறுமுகிறது, மழை வலுக்கிறது, எல்லாரும் கத்துகிறார்கள், அவன் நிற்கிறான்.

"கால் வரலக்கா" என்றான் என்னைப் பார்த்து.

எத்விஜ்தான் வந்தாள். இரண்டு கையையும் அவன் முதுகில் வைத்து, மீன் வாடை அடிக்கிற அந்தக் கையால், பலமாக ஒரு தள்ளு தள்ளினாள்.

"போடா!"

அவன் தடுமாறிக் கழியைத் தாண்டிப் போய் லாரியின் பின்பலகையில் மோதினான். உள்ளேயிருந்து நாலைந்து கைகள் அவனைப் பிடித்துத் தூக்கிக்கொண்டன.

சில வருடங்கள் கழித்துக் கண் வைத்தியத்துக்காக நான் பாங்கிக்குப் போனேன். லெயோந்தின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். இலாரியோன் சந்தையில் சுமை தூக்குகிறான், இன்னும் ஒரு பையன் பிறந்திருக்கிறான். இலாரியோன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். வண்டி வேலைக்கு மட்டும் திரும்பப் போகவே இல்லை, எங்கே போவதானாலும் நடைதான் என்று லெயோந்தின் சொன்னாள். "பஸ்ல ஏறச் சொன்னா, வழியில நின்னுருச்சுன்னா என்ன செய்யறதுங்கிறான். எதுத்த வீட்டுக்காரன் ஒரு நிமிசம் சைக்கிளைப் பார்த்துக்கன்னு சொன்னதுக்கு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடிட்டான்." அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். மிரேய் அவன் மடியில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊர் திரும்புகிற அன்று இலாரியோன் என் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாரி நிற்கிற இடம் வரை நடந்து வந்தான். போலெம்பா போகிற வண்டி தயாராக நின்றது. மூட்டையை என் கையில் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டு, மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தான்.

"இது வேணாங்க்கா. பின்பக்க அச்சு சரியில்ல. அடுத்ததுல போங்க."

டிரைவர் அவனைத் திட்டினான். நானும் திட்டினேன். அடுத்த வண்டி என்றைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. இலாரியோன் அதற்குள் என் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தான். வேறு வழியில்லாமல் அவன் பின்னால் போனேன். அந்த வாரம் முழுக்க, கண்ணில் மருந்துக் கட்டோடு, லெயோந்தினுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன்.